மீன் தொட்டி மோட்டாரின் கதை

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஏரியூர் என்று ஓர் ஊர். பெயரிலேயே ஏரி இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் நாகமரை. அங்கே மேட்டூர் அணையின் தண்ணீர் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. அணை நன்றாக வற்றினால், மூழ்கிப்போன பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் பண்ணவாடிப் பக்கம் தலை காட்டும். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணை இது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

இவ்வளவு தண்ணீர் கண்ணுக்கு எதிரே இருந்தும் அந்தப் பக்கத்து நிலங்களில் பெரும்பகுதி மழையை நம்பியே இருக்கிறது. காரணம் ரொம்பச் சாதாரணமானது. தண்ணீர் கீழே இருக்கிறது, நிலம் மேலே இருக்கிறது!

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவருக்கும் இதே பிரச்சினைதான், அளவு மட்டும்தான் சின்னது. கொஞ்சம் பெரிய தொட்டி வைப்பவர்கள் அதன் அடியில் இன்னொரு தொட்டி வைப்பார்கள். அதற்குப் பெயர் சம்ப். (தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தரைக்கடியில் இருக்கிறதே, அதே சம்ப்தான். வேலை மட்டும் வேறு.) மேல் தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியே தானாகக் கீழே இறங்கும். சம்பில் பஞ்சு, பீங்கான் துண்டுகள் வழியாக ஓடிச் சுத்தமாகும். பிறகு அதை மேலே திருப்பி அனுப்ப ஒரு மோட்டார் வேண்டும். அதுதான் ரிட்டர்ன் பம்ப்.

இறங்குவதற்குச் செலவில்லை, ஏறுவதற்குத்தான் செலவு. எவ்வளவு உயரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கரண்ட் என்ற மூன்று கேள்விகளும் இந்தக் கையளவு மோட்டாருக்குள் இருக்கின்றன. இன்று கடைகளில் "அட்ஜஸ்டபிள்" என்று எழுதிய பம்புகள் நிறைய வருகின்றன. எதை வாங்குவது என்று குழம்புகிறவர்கள் அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மாடு இறைத்த காலம்

மோட்டார் வருவதற்கு முன் இந்தப் பகுதிகளில் கிணற்றுத் தண்ணீரை மேலேற்றியது கவலை (சில ஊர்களில் கமலை). சாய்வான பாதையில் ஒரு ஜோடி மாடு இறங்கும், கயிறு இழுபட்டுச் சால் மேலே வரும், தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். ஆழம் குறைந்த இடங்களில் ஏற்றம். ஏற்றம் இறைப்பவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே இறைப்பார்கள், அந்தப் பாட்டிலேயே எண்ணிக்கையும் வரும். எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டு சொல்லிவிடும்.

கிணற்றில் தண்ணீர் மட்டம் கீழே போனால் அதே மாடு, அதே உழைப்பு, ஆனால் வாய்க்காலுக்கு வரும் தண்ணீர் குறைவு. இது விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத விஷயம். உயரம் கூடினால் அளவு குறையும். இன்று பம்ப் பெட்டியின் மேல் வரைபடமாக அச்சடிப்பதும் இதைத்தான். அதைப் பார்க்காமல் "மணிக்கு 3000 லிட்டர்" என்ற பெரிய எழுத்தை மட்டும் பார்த்து வாங்குபவர், கிணற்று ஆழத்தைக் கேட்காமல் மாடு வாங்கியவர் மாதிரி.

கண்ணாடித் தொட்டி பிறந்தது

1832-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ஜான் வில்பிரூ பவர் என்ற பிரெஞ்சுப் பெண் விஞ்ஞானி, கடல் உயிரினங்களை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்து பயன்படுத்தினார். 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இரண்டு தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் போட்டுத் தண்ணீரை மாற்றாமலே வாழ வைத்துக் காட்டினார். செடி தருவது மீனுக்கு, மீன் விடுவது செடிக்கு என்ற சமநிலைக் கருத்து இது. 1853-இல் லண்டன் உயிரியல் பூங்காவில் மக்கள் பார்க்க மீன் கூடம் திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் "அக்வாரியம்" என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு போனது.

அடுத்த சில ஆண்டுகள் இங்கிலாந்தில் மீன் தொட்டிப் பைத்தியம்தான். நடுத்தர வீடுகளின் வரவேற்பறையில் எல்லாம் தொட்டி. ஆனால் 1860-கள் நடுவிலேயே அந்த மோகம் வடிந்துவிட்டது. ஆசையில் அதிகமான உயிர்களைப் போட்டார்கள். தேங்கிய தண்ணீர் கெட்டது, மீன்கள் செத்தன. சமநிலை என்பது இரண்டு மீன் உள்ள தொட்டிக்குச் சரி, இருபது மீன் போட்டால் எடுபடாது. தண்ணீர் ஓட வேண்டும். ஆனால் ஓட வைப்பது யார்?

கடை நொடித்தவர் கண்ட வழி

இங்கேதான் வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் வருகிறார். பெரிய படிப்பாளி இல்லை, புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர். மீன் தொட்டி மோகம் உச்சத்தில் இருந்தபோது லண்டனில் அதற்கென்றே ஒரு கடை போட்டார். தொட்டி, கடல் தண்ணீர், உயிரினங்கள் எல்லாம் விற்றார். மோகம் குறைந்ததும் கடை நொடித்தது.

வியாபாரம் போனாலும், தொட்டிகள் ஏன் கெட்டுப்போகின்றன என்பதை அவர் அளவுக்குப் பார்த்தவர்கள் அப்போது குறைவு. ஜெர்மனியின் ஹாம்பர்க் உயிரியல் பூங்கா அவரை அழைத்தது. அங்கே 1864-இல் திறந்த அக்வாரியத்திலும், பிறகு லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1871-இல் திறந்த அக்வாரியத்திலும் அவர் ஒரே ஏற்பாட்டைச் செய்தார்.

பார்வையாளர்கள் பார்க்கும் தொட்டிகள் மேலே. அவற்றுக்குக் கீழே, வெளிச்சம் படாத ஒரு பெரிய நீர்த்தேக்கம். மேல் தொட்டிகளில் இருக்கும் தண்ணீரைவிடக் கீழே இருப்பதுதான் அதிகம். நீராவி இயந்திரம் பம்பை ஓட்டும். பம்ப் கீழ்த் தண்ணீரை மேலே ஏற்றும். அது தொட்டி தொட்டியாக வழிந்து மறுபடி கீழே வரும். இருட்டில் பாசி வளராது. தண்ணீர் ஓடும்போதும் விழும்போதும் காற்றோடு கலந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். கடல் தண்ணீர் பட்டால் உலோகம் அரித்து மீனுக்கு விஷமாகும் என்பதால், தண்ணீர் தொடும் பாகங்களில் உலோகத்துக்குப் பதில் கெட்டிப்படுத்திய ரப்பரைப் பயன்படுத்தினார்.

மேலே தொட்டி, கீழே சம்ப், நடுவில் திருப்பி அனுப்பும் பம்ப். இன்று வீட்டுக்குள் இருக்கும் அமைப்பு அப்படியே 1871-இல் நீராவியில் ஓடியிருக்கிறது! இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1874-இல் திறந்த புகழ்பெற்ற அக்வாரியத்துக்கும் லாயிட்தான் ஆலோசனை சொன்னவர்.

லாயிடின் ஏற்பாட்டில் முக்கியமான விஷயம் பம்பின் பலம் இல்லை. அது இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான். மணிக்கு எத்தனை லிட்டர் என்பதைவிட இடைவிடாமல் ஓடுவது முக்கியம் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார்.

மெரினாவில் ஒரு மீன் கூடம்

நம் ஊருக்கு இந்த ஆசை வர அதிக நாள் ஆகவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் மெரினா கடற்கரையில் ஓர் அக்வாரியம் உருவாகி 1909-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பொது அக்வாரியம் இதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்ட அது பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மும்பையில் தாராபோர்வாலா அக்வாரியம் வந்தது 1951-இல்தான்.

கடலோரத்தில் கட்டினால் கடல் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கடலிலிருந்து தள்ளி இருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. இருக்கிற தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து ஓட்ட வேண்டும். தர்மபுரியிலோ சேலத்திலோ மாடி வீட்டில் தொட்டி வைப்பவர் இந்த இரண்டாவது ரகம். அவருக்கு வேண்டியது மெரினா முறை அல்ல, லாயிட் முறை. ஆனால் வீட்டுக்குள் நீராவி இயந்திரம் வைக்க முடியுமா? அதற்கு மின்சாரமும் சின்ன மோட்டாரும் வர வேண்டியிருந்தது.

மின்சாரம் வந்தது

தமிழ்நாட்டில் அந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தது நீலகிரியின் பைக்காரா. அங்கே 1932-இல் நீர்மின் உற்பத்தி தொடங்கியதும் கோயம்புத்தூர் வட்டாரத்து ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மின்சாரம் போனது. 1937-இல் மேட்டூர் நீர்மின் நிலையமும் சேர்ந்துகொண்டது. அதே 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையில் உருவாக்கியதுதான் இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிறது. கோவை பிறகு நாட்டின் பம்பு நகரமாகவே ஆகிவிட்டது.

கவலை மாடுகள் ஓய்வெடுத்தன. ஆனால் இன்னொன்றும் நடந்தது. மாட்டை ஓட்டியவனுக்கு ஒவ்வொரு சாலின் செலவும் தெரியும், மாடு களைத்தால் கண்ணுக்குத் தெரியும். சுவிட்சைப் போட்டவனுக்கு அந்தக் கணக்கு கண்ணில் படுவதில்லை. விவசாய பம்புகளுக்கு மின்சாரம் இலவசமான பிறகு எந்த மோட்டார் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று பார்ப்பதற்கே காரணம் இல்லாமல் போனது. "எதற்கும் இருக்கட்டும், ஒரு குதிரைத்திறன் கூடவே வாங்கு" என்ற பழக்கம் அப்படித்தான் வந்தது. மீன் தொட்டிக்கு பம்ப் வாங்கும்போதும் அதே பழக்கம் கூடவே வருகிறது.

தண்ணீருக்குள் மோட்டார்

கரண்டும் தண்ணீரும் சேரக் கூடாது. பிறகு எப்படி மோட்டாரைத் தண்ணீருக்குள் முக்குகிறார்கள்?

பழைய பம்புகளில் மோட்டார் வெளியே, விசிறி (இம்பெல்லர்) உள்ளே. இரண்டையும் இணைக்கும் தண்டு நுழையும் இடத்தில் ஒரு சீல். அது தேய்ந்தால் ஒழுகும். இதைத் தீர்த்தது காந்தம். 1950-களின் தொடக்கத்தில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து ஃபெரைட் வகைக் காந்தம் வெளிவந்தது. விலை குறைவு, துருப்பிடிக்காது. விசிறியோடு இந்தக் காந்தத்தை ஒட்டித் தண்ணீருக்குள் விட்டார்கள். கம்பிச்சுருளைப் பிசினில் ஊற்றி முழுக்க மூடினார்கள். கம்பிச்சுருளில் கரண்ட் மாற மாற, எதிரே இருக்கும் காந்தம் சுழலும். தண்டும் நுழைய வேண்டாம், சீலும் வேண்டாம். 1960-களில் ஜெர்மனியின் எஹெய்ம் போன்ற நிறுவனங்கள் வீட்டுத் தொட்டிகளுக்கு என்றே மோட்டார் வைத்த வடிகட்டிகளை விற்கத் தொடங்கின.

அடியில் சம்ப் வைக்கும் வழக்கம் வீடுகளுக்குப் பரவியது அதற்கும் பிறகு. டச்சுக்காரர்கள் கையாண்டுவந்த, தண்ணீரைச் சொட்டவிட்டுச் சுத்தம் செய்யும் முறையைப் பற்றி 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் தொடராக எழுதினார். வீட்டிலேயே பவளம் வளர்க்கலாம் என்று பலருக்கு நம்பிக்கை வந்தது. லாயிடின் இருட்டு நீர்த்தேக்கம் 115 ஆண்டு கழித்து வரவேற்பறை அலமாரிக்குள் புகுந்தது. ரிட்டர்ன் பம்ப் என்று ஒரு பொருள் தனியாக விற்க ஆரம்பித்தது.

குமிழைத் திருகினால் என்ன ஆகிறது?

"அட்ஜஸ்டபிள்" என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்கு ஒட்டி விற்கிறார்கள்.

முதல் வகை, மலிவான ஏ.சி. பம்ப். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஒரு சுற்றை முடிக்கிறது. அந்தக் காந்தமும் அதே தாளத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதன் முகத்தில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழ் தண்ணீர் நுழையும் வழியை அடைக்கிறது, அவ்வளவுதான். மோட்டார் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. தண்ணீர் பாதியாகக் குறைந்தாலும் கரண்ட் பாதியாகக் குறையாது. உறிஞ்சும் வாயை ரொம்ப அடைத்தால் பம்ப் திணறிச் சத்தம் போடும். குறைத்தே ஆக வேண்டும் என்றால் வெளியே போகும் குழாயில் ஒரு வால்வு வைத்துக் குறைப்பதுதான் நல்லது.

இரண்டாவது வகை, டி.சி. பம்ப். இதில் குமிழோ பட்டனோ மோட்டாரின் வேகத்தையே மாற்றுகிறது. பிரஷ் இல்லாமல் மின்னணுச் சுற்றே கரண்டைத் திசை மாற்றி ஓட்டும் இந்த மோட்டார் முறை 1962-லேயே ஆய்வுக் கட்டுரையாக வந்துவிட்டது. 1980-களில் வந்த நியோடிமியம் காந்தமும், பிறகு மலிவான சில்லுகளும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தன. மீன் தொட்டிகளில் இது பரவலானது 2010-களில். இன்று பல வீடுகளில் ரிமோட்டோடு ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறிக்குள் இருப்பதும் இதே தத்துவம்தான்.

வேகத்தைக் குறைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வேகம் 80 சதவீதமானால் தண்ணீரின் அளவும் ஏறக்குறைய 80 சதவீதமாகும். ஏற்றும் உயரம் அதன் வர்க்கம், அதாவது 64 சதவீதம். கரண்டு அதன் கனம், அதாவது சுமார் 51 சதவீதம். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் கரண்ட் கிட்டத்தட்டப் பாதி! டி.சி. பம்புக்கு விளம்பரம் செய்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வார்கள். ஆனால் நடுவில் இருக்கும் அந்த 64 சதவீதத்தைச் சொல்வதில்லை.

பெட்டியில் உள்ள எண்ணும் வீட்டில் உள்ள உயரமும்

ஒரு பம்ப் பெட்டியில் "மணிக்கு 3000 லிட்டர், 3 மீட்டர்" என்று போட்டிருக்கிறது. 3000 லிட்டரை 3 மீட்டர் ஏற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உயரமே இல்லாமல், தரையோடு தள்ளினால் 3000 லிட்டர். 3 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அப்படியே நிற்கும், ஒரு சொட்டும் வெளியே வராது. இந்த இரண்டு கோடிகளுக்கு நடுவில்தான் வீட்டுத் தொட்டி இருக்கிறது.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி சுமார் 180 லிட்டர் பிடிக்கும். நன்னீர் மீன்களுக்கு மணிக்கு ஐந்து சுற்று வந்தால் தாராளம், அதாவது 900 லிட்டர். சம்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டியின் மேல் வாய் வரை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். குழாயில் இரண்டு மூன்று முழங்கை வளைவு இருந்தால் இன்னும் ஒரு சாண் உயரம் கூடிய மாதிரிதான்.

மேலே சொன்ன 3 மீட்டர் பம்ப் டி.சி. வகை என்றால், வேகத்தை 60 சதவீதமாகக் குறைத்தால் என்ன ஆகும்? 60 சதவீதத்தின் வர்க்கம் 36 சதவீதம். 3 மீட்டரில் 36 சதவீதம் 1.08 மீட்டர். தொட்டியின் உயரமோ 1.2 மீட்டர். மோட்டார் ஓடும், விளக்கு எரியும், ஆனால் மேலே தண்ணீர் வராது. வாங்கியவர் பம்ப் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார். பம்பில் ஒன்றும் பழுது இல்லை, தண்ணீர் கீழே, தொட்டி மேலே என்பதுதான் விஷயம்.

ஆகவே டி.சி. பம்பில் குறைக்க முடிகிற அளவை வீட்டின் உயரம்தான் முடிவு செய்கிறது. வரைபடத்தில் தன் உயரத்துக்கு நேரே எத்தனை லிட்டர் என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த வரைபடமே போடாத பெட்டியை வாங்காமல் இருப்பது நல்லது.

கரண்ட் போனால்

லாயிடின் கவலை பம்ப் நிற்கக் கூடாது என்பது. தமிழ்நாட்டுக்காரருக்கு இது நன்றாகவே புரியும். 2008 முதல் சில ஆண்டுகள் மாநிலத்தில் மின்வெட்டு. 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. இன்று நிலைமை அப்படி இல்லை என்றாலும், மழைக்கும் காற்றுக்கும் கரண்ட் போகாத ஊர் இல்லை.

கரண்ட் போனால் இரண்டு ஆபத்து. ஒன்று, மேலே ஏற்றிய அதே குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பக் கீழே இறங்கும். குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருந்தால், மேலே சொன்ன தொட்டியிலிருந்து சுமார் 20 லிட்டர் இறங்கிவிடும். சம்பில் அந்த 20 லிட்டருக்கு இடம் காலியாக இல்லையென்றால் கூடம் முழுக்கத் தண்ணீர். குழாயில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டால் அது காற்றை உறிஞ்சி இறக்கத்தை நிறுத்தும். (ஓட்டையில் பாசி அடைக்கும், அவ்வப்போது குத்திவிட வேண்டும்.) ஒருவழி வால்வை மட்டும் நம்பக் கூடாது. ஒரு குட்டி நத்தை சிக்கினாலே அது மூடாது.

இரண்டாவது ஆபத்து, ஓட்டம் நின்ற தண்ணீரில் பிராணவாயு குறைவது. மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். இங்கே டி.சி. பம்புக்கு ஓர் உண்மையான மேன்மை உண்டு. 12 அல்லது 24 வோல்ட் வகையில், தயாரித்தவர் அனுமதிக்கும் பட்சத்தில், பேட்டரியில் குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டலாம். மலிவான இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப் உறுமிக்கொண்டு சூடாகும்.

ஒயர் பற்றியும் ஒரு வார்த்தை. பிளக்குக்குப் போகும் முன் ஒயர் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

வரவு செலவு

இனி காசுக் கணக்கு. 40 வாட் ஏ.சி. பம்ப் ஒன்று, வால்வால் அடைத்து ஓடுகிறது. அடைத்ததால் குறையும் கொஞ்சத்தை விட்டுவிடலாம். ஒரு நாளைக்கு 0.96 யூனிட், 60 நாளுக்கு 57.6 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிக்கு மேல் மீன் தொட்டி ஒன்றே குடித்துவிடுகிறது!

அதே உயரத்துக்கு அதே 900 லிட்டரை வேகம் குறைத்த டி.சி. பம்ப் 16 வாட்டில் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 60 நாளுக்கு 23 யூனிட். மிச்சம் ஏறக்குறைய 34 யூனிட், ஆண்டுக்கு 200 யூனிட்டுக்குச் சற்று மேல். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று போட்டால் ஆண்டுக்குச் சுமார் 1,000 ரூபாய். இரண்டு பம்புக்கும் விலை வித்தியாசம் 3,000 ரூபாய் என்றால் மூன்று ஆண்டில் சரியாகும். அதற்குள் டி.சி. பம்பின் கன்ட்ரோலர் போகாமல் இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. வீட்டின் மொத்தச் செலவே 100 யூனிட்டுக்குள் இருந்தால் மிச்சம் ஒரு பைசாவும் இல்லை. மாறாக, 500 யூனிட் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த 34 யூனிட் பில்லின் விகிதத்தையே மாற்றிவிடும். ஒரே பம்ப், இரண்டு வீடு, இரண்டு விடை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கடைக்காரர் அதை முதலில் சொல்ல மாட்டார். 1.2 மீட்டர் உயரத்தில் சரியாக 900 அல்லது 1000 லிட்டர் தரும் சின்ன ஏ.சி. பம்பை வரைபடம் பார்த்து வாங்கினால், அதுவும் 20 வாட் பக்கம்தான் எடுக்கும். விலையும் குறைவு. அளவுக்கு மேல் பெரிய பம்பை வாங்கி, பிறகு அதை அடக்குவதற்குத்தான் கூடுதல் காசு போகிறது.

அப்படியானால் வேகம் மாற்றும் பம்ப் யாருக்கு? தேவை மாறிக்கொண்டே இருப்பவருக்கு. இன்று ஒரு தொட்டி, நாளை பெரிய தொட்டி என்பவருக்கு. பவளம் வளர்ப்பவருக்கு. குழாயில் பாசி படிந்து ஓட்டம் குறையும்போது கொஞ்சம் கூட்டிக்கொள்ள நினைப்பவருக்கு. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் பேட்டரி வைத்திருப்பவருக்கு. மற்றவர்களுக்கு அளவு பார்த்து வாங்கிய சாதாரண பம்பே போதும்.

மறுபடி ஏரியூர்

ஏரியூர் இருக்கும் அதே மாவட்டத்தில் பெரிய அளவில் ஒரு ரிட்டர்ன் பம்ப் வேலை நடக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வலி, கூன் என்று தலைமுறைகளாக மக்கள் பட்ட துன்பம். அதற்காக 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கி வைத்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். மதிப்பு ரூ.1,928.80 கோடி, ஜப்பானியக் கடனுதவியோடு நடந்தது. ஒகேனக்கல்லில் எடுக்கும் காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து மேட்டுக்கு ஏற்றித் தேக்குகிறார்கள், அங்கிருந்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். மேட்டூர் உபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்கு ஏற்றும் திட்டமும் 2021-இல் ஓடத் தொடங்கியது. தர்மபுரி ஏரிகளுக்கும் காவிரி உபரி நீரை ஏற்ற வேண்டும் என்பது அந்த மாவட்டத்தின் நீண்டநாள் கோரிக்கை.

அங்கேயும் கேள்வி அதேதான். எவ்வளவு உயரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கரண்ட், யார் செலவு? கவலை ஓட்டியவர் மாட்டின் மூச்சைப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டார். லாயிட் நிலக்கரியைப் பார்த்துப் போட்டார். இன்று மீன் தொட்டி வைப்பவர் மீட்டரைப் பார்த்துப் போட வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு டேப் எடுத்து, சம்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டியின் வாய் வரை அளந்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும். பாதி வேலை அங்கேயே முடிந்தது.